‘ஒன்ஸ் அபான் எ டைம்’: பல வருடம் கூடவே வந்த தொடர்

ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஏழு சீசன்களாக ஓடிய தொடர் இது. ஒளிபரப்பான காலத்திலிருந்தே பார்க்கிறேன். முடிந்த பிறகும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. ஸ்னோ ஒயிட், சிண்ட்ரெல்லா, குள்ளர்கள் எல்லோரும் ஒரு சாபத்தால் தாங்கள் யார் என்பதையே மறந்து, அமெரிக்காவில் ஸ்டோரிப்ரூக் என்ற சின்ன ஊரில் வாழ்கிறார்கள். கதையின் அடிப்படை இவ்வளவுதான்.

இத்தனை வருடத்தில் எனக்கு அலுக்காத விஷயம், பழைய பாத்திரங்களை உள்ளிருந்தே மாற்றிய விதம். ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னை கண்ணாடியிடம் அழகைப் பற்றிக் கேட்பவள் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே அந்தச் சிற்றன்னையான ரெஜினாவின் கோபத்துக்கும் அழகுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் காதலித்த குதிரைலாயப் பையனைப் பற்றிய ரகசியத்தைச் சிறுமி ஸ்னோ ரெஜினாவின் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா அவனைக் கொன்றுவிடுகிறாள். அந்த ஒரு எபிசோடுக்குப் பிறகு ரெஜினாவை வெறும் வில்லியாகப் பார்க்க முடியவில்லை. லானா பாரில்லாவின் நடிப்புக்காகவே முதல் சீசனைத் திரும்பப் பார்க்கலாம்.

அப்புறம் ரெட் ரைடிங் ஹூட். ஊரை மிரட்டும் ஓநாய் தன் காதலன் பீட்டர்தான் என்று நம்பி, ரெட் அவனைச் சங்கிலியால் கட்டிப்போடுகிறாள். உண்மையில் ஓநாய் அவளேதான். அவள் உருமாறாமல் தடுத்து வந்தது பாட்டி கொடுத்த சிவப்பு அங்கி. அன்றிரவு அது ஸ்னோவிடம் இருக்கிறது. கட்டுண்டு கிடப்பவனால் ஓடவும் முடியவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் மனசு பதறும்.

இதே அக்கறையை, வெள்ளையர் அல்லாத நடிகர்களுக்குக் கிடைத்த வேடங்களில் முதல் ஆறு சீசன்கள் பெரும்பாலும் காட்டவில்லை. என் பெரிய குறை இதுதான். மூன்றாவது சீசனில் கறுப்பின நடிகை அலெக்ஸாண்ட்ரா மெட்ஸ், கோபுரத்தில் அடைபட்ட நீண்ட கூந்தல்காரி ரபன்ஸலாக வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஒரே எபிசோடில் கதை முடிந்துவிட்டது. ஜேமி சங் நடித்த சீனக் கதை வீராங்கனை முலான், ‘தூங்கும் அழகி’ அரோராவிடம் தன் மனதைச் சொல்லப் போகிறாள். அரோரா கர்ப்பமாக இருக்கும் செய்தியைச் சொல்ல, முலான் வாய் திறக்காமலே கிளம்பிவிடுகிறாள். அடுத்து அவளைப் பார்க்க ஐந்தாவது சீசன் வரை காத்திருக்க வேண்டும். வாள் வீச அழைத்தார்கள், வாழ்க்கையைத் தரவில்லை. பார்வையாளருக்கு ஒரு முகம் பழகவே நாலைந்து எபிசோட் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஆளை மட்டும் மாற்றினால் யாருக்கு என்ன பயன்?

ஏழாவது சீசன் பலருக்குப் பிடிக்கவில்லை. முக்கால்வாசிப் பழைய முகங்கள் இல்லை, கதையும் சியாட்டிலுக்குப் போய்விட்டது. எனக்கோ வருடங்கள் ஆக ஆக இந்த சீசன் பிடித்துப்போனது. டொமினிகன் குடியரசில் பிறந்த டானியா ராமிரெஸ்தான் இதில் சிண்ட்ரெல்லா. மகள் தன்னோடு இருக்க வேண்டும் என்று மாற்றாந்தாயோடு மல்லுக்கட்டும் அம்மா. தவளை இளவரசன் கதையில் வரும் டியானாவாக மீக்கியா காக்ஸ். அவளுக்குக் கதை உலகில் நாடும் உண்டு, சியாட்டிலில் உணவு வண்டியும் உண்டு. ஆலிஸும் ராபின் என்ற பெண்ணும் காதலிக்கும் கதையைப் பாதியில் விடாமல் கடைசிவரை கொண்டுபோகிறார்கள். முலானுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது.

அந்த மாற்றாந்தாய் விஷயமும் அருமை. லேடி டிரிமெய்ன்தான் ஒரு காலத்தில் ரபன்ஸலாம்! கோபுரத்தில் வருடக்கணக்கில் அடைபட்டு, தப்பி வீட்டுக்கு வந்தால் கணவன் மறுமணம் செய்திருக்கிறான். தன் பெண்கள் இன்னொருத்தியிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது சீசன் ரபன்ஸலுக்கும் இவளுக்கும் தொடர்பில்லை, அதனால் குழம்ப வேண்டாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் சீசனை முழுசாகப் பாருங்கள். நான்கு, ஐந்தில் இழுவை அதிகம். பொறுமை போனால் அங்கே கொஞ்சம் தாண்டலாம். ஆனால் ஏழாவதை மட்டும், யார் வேண்டாம் என்று சொன்னாலும், விட்டுவிடாதீர்கள்.