60 சென்ட் என்றால் 60 சதவீதமா? பிரெடிக்ட்இட் ஒரு மதிப்பீடு

பிரெடிக்ட்இட் என்பது, தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று பணம் வைத்துப் பங்கு வாங்கி விற்கும் இணையச் சந்தை. அதில் அமெரிக்க செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தல் விலையைப் பார்க்க உட்காருமுன் அதன் கட்டண விதியைப் படித்துவிடுவது நல்லது. பாதித் தப்புக்கணக்கு அங்கேதான் பிறக்கிறது.

ஜெயித்தால் ஒரு பங்குக்கு 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. ஆகவே 60 சென்ட் விலை என்றால் 60 சதவீத வாய்ப்பு என்பார்கள். ஆனால் 2022 தேர்தலின்போது லாபத்தில் 10 சதவீதமும், பணத்தை வெளியே எடுக்கையில் மொத்தத்தில் 5 சதவீதமும் பிடித்தார்கள். 95 சென்டுக்கு வாங்கி ஜெயித்தவரின் நிலையைப் பாருங்கள். லாபம் 5 சென்ட், அதில் அரை சென்ட் போக 99.5 சென்ட். வெளியே எடுத்தால் கைக்கு வருவது சுமார் 94.5. ஜெயித்தும் அரை சென்ட் நஷ்டம்! (ஏற்கெனவே கணக்கில் கிடக்கும் பணத்துக்கு அந்த 5 சதவீதம் எப்படியும் போகப்போவதுதான் என்பதால் பழைய ஆட்கள் இன்னும் மேலேயும் வாங்குவார்கள்.) தேறவே தேறாத வேட்பாளர் 5, 6 சென்டில் தொங்கிக்கொண்டிருப்பது இதனால்தான். அவருக்கு எதிராக 'இல்லை' பங்கை (அவர் தோற்றால் 1 டாலர் தருவது) 95 சென்டுக்கு வாங்கி விலையை இறக்க, புதிதாகப் பணம் போடுபவருக்குக் கட்டுப்படியாகாது.

பலர் மோதும் உட்கட்சித் தேர்தலில் இந்த உப்பல் நன்றாகத் தெரியும். எல்லா விலையையும் கூட்டினால் 100-ஐத் தாண்டும். கூட்டுத்தொகை 110 என்றால் 33 சென்ட் வேட்பாளரின் வாய்ப்பு 33-ஐ 110-ஆல் வகுத்தால் வரும் 30 சதவீதம். கடைசியாகக் கைமாறிய விலையை எடுக்காதீர்கள். வாங்க 58, விற்க 62 என்று ஆர்டர்கள் நின்றால் நடுவில் 60 என்று வையுங்கள்.

நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகம் ஆய்வுக்காக 2014-இல் தொடங்கிய தளம் இது. அமெரிக்க முன்பேர வணிக ஆணையம் அப்போது வைத்த உச்சவரம்பு, ஒப்பந்தத்துக்கு (அதாவது 'இவர் ஜெயிப்பாரா' போன்ற ஒரு கேள்விக்கு) ஆளுக்கு 850 டாலர், மொத்தம் 5,000 பேர். விலை தவறு என்று உறுதியாகத் தெரிந்தவர்கூட 60 சென்டில் 1,416 பங்கோடு நின்றுவிட வேண்டும். 2022-இல் இந்தக் குறை வெளிப்பட்டது. குடியரசுக் கட்சி சார்புக் கருத்துக்கணிப்புகள் கடைசி வாரங்களில் குவிய, பென்சில்வேனியா, நெவாடா, ஜார்ஜியா மூன்றிலும் வாக்குப்பதிவுக்கு முன்பு விலை அக்கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றிலும் அக்கட்சி தோற்றது. மூன்றும் தனித்தனிப் பிழைகளல்ல. ஒரே காரணம் மூன்று மாநிலத்தையும் சேர்த்தே சாய்த்தது. ஒரு மாநிலத்தின் விலையை நம்பலாமா என்று பார்க்க, மற்ற மாநிலங்களின் விலையும் அதே நாளில் அதே திசையில் ஓடியதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜார்ஜியாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அங்கே இரண்டாம் சுற்று. 2022 நவம்பர் 8-இல் ஜனநாயகக் கட்சியின் வார்னாக் 49.4, குடியரசுக் கட்சியின் வாக்கர் 48.5 சதவீதம், முடிவு டிசம்பர் 6-இல்தான். 'எந்தக் கட்சி வெல்லும்' என்ற ஒப்பந்தம் வாங்கியவரின் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். 2020 தேர்தலில் இரண்டாம் சுற்று 2021 ஜனவரி 5-இல் நடந்தது, காத்திருப்பு ஒன்பது வாரம். தீர்வு விதியில் (ஒப்பந்தம் எதை வைத்து முடிவாகும் என்று சொல்லும் விதி) 'இரண்டாம் சுற்று உட்பட' என்று இருக்கிறதா எனப் பார்க்காமல் பொத்தானை அழுத்தக்கூடாது.

கால்ஷி இதைவிட மலிவு. 2024 அக்டோபரில் நீதிமன்றம் வழிவிட்ட பிறகு தேர்தல் ஒப்பந்தங்களைத் தொடங்கிய சந்தை அது. அதன் வழக்கமான கட்டணச் சூத்திரம்: 0.07 × பங்குகள் × விலை × (1 − விலை). 100 பங்குக்கு 50 சென்டில் 1.75 டாலர், 95 சென்டில் 34 சென்ட்தான். ஓரத்து விலைகளைப் படிக்க அதுவே மேல். பிரெடிக்ட்இட்டுக்கும் 2025-இல் 5,000 பேர் வரம்பு போய், தொகை 3,500 டாலராக உயர்ந்தது. அந்த அளவில் விலை சீக்கிரம் திருந்த வாய்ப்புண்டு.

எண்ணிக்கை இரவில் இரண்டு தளங்களும் குரங்காட்டம் ஆடும். பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்குகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்பு பிரிக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அஞ்சல் வாக்குகளில் ஜனநாயகக் கட்சிக்கே பங்கு அதிகம், அவை எண்ணப்படுவதோ தாமதமாக. அதனால் தொடக்கத்தில் குடியரசுக் கட்சி முந்துவதுபோல் தெரியும். அந்த நேரத்தில் உடனடி ஆர்டர் போட்டால் இருக்கிற மோசமான விலைக்கே நிறைவேறும். நீங்கள் ஒப்பும் விலையைக் குறிப்பிட்டே ஆர்டர் போடுங்கள்.