திறந்து பார்க்காமலே “சிப் போச்சு” என்றால் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

என்னுடையது ஜிடிஎக்ஸ் 1650 என்ற கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப். நான்கு வருடமாக ஒரு தடவைகூடத் திறந்து தூசி தட்டியதில்லை. கோட்டையூரில் எங்கள் வீடு பழைய வீடு, முற்றம் திறந்தே கிடக்கும், செம்மண் புழுதி எல்லா அறைக்கும் வரும். போன சித்திரையில், கேம் ஆரம்பித்து இருபது நிமிடத்துக்குள் படம் திக்கித் திக்கி ஓடியது. பார்த்தால் கிராபிக்ஸ் சிப்பின் சூடு 87 டிகிரி. அந்த அளவுக்குச் சூடேறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது எனக்கு அப்போது தெரியாது.

காரைக்குடியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல், “தம்பி, சிப் போச்சு. ரீபால் பண்ணணும், 6,500 ஆகும்” என்றார்.

“அண்ணே, முதல்ல ஃபேனைச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாமா?”

“அதெல்லாம் வேலைக்கு ஆகாது தம்பி.”

அப்பத்தா சேர்த்து வைத்திருந்த காசையும் வாங்கித்தான் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, “நம்ம கடைதானே” என்றார். விட்டுவிட்டேன்.

ஐந்து நாளில் கைக்கு வந்தது, பன்னிரண்டு நாள் ஓடியது. அப்புறம் திரை முழுக்க வண்ண வண்ணமாகக் கோடுகள். திரும்பப் போனால், “போர்டே மாத்தணும், 22,000.”

அதற்குப் பிறகுதான் மதுரையில் ஒருவரிடம் காட்டினேன். என் கண் முன்னாலேயே திறந்தார். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது, யாரும் தொடவே இல்லை. ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, பழைய ஈயத்தை வழித்தெடுத்து, புது ஈயக் குண்டுகள் பதித்து மறுபடி ஒட்ட வேண்டும். என் சிப்பின் மூலைகளில் கம்பெனியில் போட்ட பசை உடையாமல் அப்படியே இருந்தது. கழற்றவே இல்லை, ஹாட் ஏர் கன்னால் சூடு மட்டும் காட்டியிருக்கிறார்கள். சுற்றிலும், ஈயம் பற்றவைக்கப் பூசும் ஃபிளக்ஸ் கருகிய கறை.

அதைவிட மோசம், மெமரி சிப்களின் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடைக் கிழித்துப் போட்டுவிட்டு, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் தடவியிருந்தார்கள். அங்கே ஹீட்சிங்குக்கும் சிப்புக்கும் நடுவில் இடைவெளி உண்டு. பேட்தான் அதை நிரப்பும், பேஸ்ட் எட்டாது. மெமரி வெந்துதான் அந்தக் கோடுகள் வந்திருக்கும் என்றார் அவர். முதலிலேயே தூசி எடுத்துப் பேஸ்ட் மாற்றியிருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

அதனால் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். பேட் மாற்றினால் பழைய தடிமனிலேயே போடச் சொல்லுங்கள். மெத்தைமேல் வைத்து விளையாடாதீர்கள், அடியில் காற்று போகும் வழி அடைபடும். கொடுக்கும் முன் போர்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லை மட்டும் விடவே விடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, சிவகங்கையில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 6,500 கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது கிராபிக்ஸ் சிப்பை அணைத்துவிட்டு, ப்ராசசரோடு வரும் கிராபிக்ஸில்தான் லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.