கிராமத்துச் சவாரிக்கு எது கட்டுப்படியாகும்: மின் ஆட்டோவா, டாடா மேஜிக் வேனா, ஃபோர்ஸ் குரூசரா?

வண்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் எண்ணுவது சீட்டை. எண்ண வேண்டியது காலி ட்ரிப்பை. கடலூர் பக்கத்தில் காலையில் ஊரிலிருந்து குறிஞ்சிப்பாடிக்கோ பண்ருட்டிக்கோ ஆள் நிரம்பும். திரும்பும்போது டிரைவர் மட்டும்தான். சாயங்காலம் இதுவே தலைகீழ். 2021 முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே பஸ் வரும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

9 கிலோமீட்டர் காலியாக வருவதாக வைப்போம். டீசல் மேஜிக் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து, டீசல் 93 ரூபாய் என்றால் செலவு 55 ரூபாய்க்கு மேல். மஹிந்திரா ட்ரியோ மின் ஆட்டோவின் பேட்டரி 7.37 யூனிட். சார்ஜ் ஏறுவதில் வீணாவதையும் சேர்த்து 9 யூனிட், ஓட்டம் 80 கிலோமீட்டர், யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் அதே தூரத்துக்கு 8 ரூபாய்தான் ஆகிறது. பேட்டரி வண்டிக்கு பர்மிட் வேண்டாம் என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. எஃப்சியும் (தகுதிச் சான்று) இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

ஆனால் அந்த ஆட்டோவின் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருப்பது மூன்று பயணிகள். ஆறு பேரை ஏற்றினால் சார்ஜ் பாதி வழியிலேயே இறங்கும், விபத்து என்றால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் பெண்ணையாறும் பொங்கும்போது தேங்கிய தண்ணீரில் விட்டால் கனெக்டர்களில் களிம்பு பிடிக்கும். வீட்டில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் தனியாக வேண்டும்; பிளக் லூசாக இருந்தால் சூடேறி உருகிவிடும்.

10 கிலோமீட்டருக்குள், தெருத்தெருவாக ஆள் ஏற்றும் ரூட்டுக்கு மின் ஆட்டோவே போதும். சந்தை மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், 15 கிலோமீட்டர் என்று போனால் மேஜிக். ஃபோர்ஸ் குரூசரை தினசரி ட்ரிப்புக்கு எடுக்காதீர்கள். 2596 சிசி இன்ஜின் டீசலைக் குடித்துவிடும். கல்யாணம், வேளாங்கண்ணி, திருவண்ணாமலை பௌர்ணமி என்று வாடகைச் சவாரி கையில் இருப்பவருக்கு மட்டும் அது லாபம். மேஜிக், குரூசர் இரண்டுக்கும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

எல்லையையும் பாருங்கள். கடலூரைத் தாண்டி முள்ளோடை வந்தாலே புதுச்சேரி. பாகூர் பக்கத்துச் சவாரியை நம்பி தமிழ்நாட்டு பர்மிட் மேஜிக்கை வாங்கினால், அங்கே ஓட்ட அனுமதியும் வரியும் தனி.

பழைய மேஜிக் என்றால் வயதைக் கேளுங்கள்: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதன்பிறகு வருடா வருடம். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் உப்புக்காற்றில் ஓடிய வண்டியில் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. நடு சீட்டுக்கு அடியில் மேட் விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். ணங்கென்று கேட்காமல் சொத்தென்று கேட்டால் உள்ளே துரு. அப்படியே பின் மட்கார்டின் உட்புறம் டார்ச் அடியுங்கள். டயர் உரசி தகடு பளபளவென்று இருந்தால், ஓவர்லோடில் பட்டை (ஸ்பிரிங்) படுத்துவிட்ட வண்டி அது.