பாங்காக் டார்ம்ல ஆறு ராத்திரி: ஒரு கோத்தகிரிக்காரன் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் சாதாரண கஸ்டமர் இல்லீங்க. கோத்தகிரில வீட்டு மாடில மூணு ரூம் போட்டு காட்டேஜ்னு பேர் வச்சு ஓட்டிட்டு இருக்கற குடும்பம், கெஸ்ட்டுங்க எழுதற ரிவ்யூவ படிச்சு படிச்சு வயிறெரிஞ்சவன் நான். "வெந்நீர் லேட்டு", "பெட்ஷீட்ல ஈர வாடை" (ஜூலைல கோத்தகிரில எந்த பெட்ஷீட்டு சாமி காயுது), ஒருத்தர் மிஸ்ட்டுனால வியூ தெரியலன்னு ஒரு ஸ்டார் கொறச்சாரு, மிஸ்ட்ட நானா வரச் சொன்னேன். இந்த தடவ நான் கெஸ்ட்டு, எழுதறது என் முறை.

ஹாஸ்டல் பேர் சொல்லல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன். சீலோம் ஏரியா, பிடிஎஸ் ட்ரெய்ன் ஸ்டேஷன்ல இருந்து நடந்தா எட்டு நிமிஷம், எட்டு பேர் படுக்கற டார்ம், ராத்திரிக்கு 380 பாத், நான் போன 2025 ஜூலைல நம்ம காசுக்கு ஆயிரத்த ஒட்டி வந்துச்சு. எங்களுக்கு அது டல் சீசன், அதான் கெளம்புனேன். மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு சென்னை, அங்கிருந்து ஃப்ளைட். அப்ப விசா வேணாம், ஆனா அந்த வருஷம் மே மாசத்துல இருந்து ஆன்லைன்ல ஒரு அரைவல் கார்டு ஃபில் பண்ணணும்னு வச்சிருக்காங்க, போறதுக்கு மூணு நாளுக்குள்ள. நம்மூருக்கு வர்றவங்க இ-பாஸ் எடுக்கத் தெரியாம கல்லார் செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திட்டு எனக்கு ஃபோன் போடறப்ப "என்ன சார், இது கூடவா தெரியாது"ன்னு சிரிச்சவன் நான். ஏர்போர்ட்ல ஒரு மூலைல உக்காந்து அந்த ஃபார்ம மூணு தடவ தப்பா போட்டேன், எல்லாம் பட்ட கடன்.

பாங்காக் ஏர்போர்ட்டு பேரு சுவர்ணபூமி, அவங்க வாயில அது சுவன்னபூம். அங்கிருந்து பயா தாய் வரைக்கும் ரயிலு 45 பாத், ஏசி, சுத்தம், குறை ஒண்ணுமில்ல. குறையெல்லாம் ஸ்டேஷன விட்டு வெளிய கால வச்சப்பதான். ரயிலு ஏசில ஜில்லுனு இருந்த மூக்குக்கண்ணாடி வெளிய வந்த அடுத்த நொடி பொசுக்குனு பூத்துப்போச்சு. நம்மூர்ல மிஸ்ட்ல பூக்கும், இங்க சூட்டுல பூக்குது. மேட்டுப்பாளையம் வந்தாலே சட்டை பட்டன அவுத்து விடற ஆளு நானு, பதினாலு கிலோ பைய முதுகுல போட்டுட்டு அந்த புழுக்கத்துல நடந்தா எப்படி இருக்கும், பையோட பட்டை தோள்ல ஒட்டி, கழட்டறப்ப சட்டையோட வந்துச்சு. சீசன்ல கீழ இருந்து வர்றவங்க பஸ்ஸ்டாண்ட்ல இறங்குனதும் மங்கி கேப்ப தேடறத பாத்து நாங்க கிண்டல் பண்ணுவோம்ல, அதே முழிதான் என் மூஞ்சில இருந்திருக்கும்.

ரிசப்ஷன்ல ஒரு அக்கா. தாய்லாந்து பாஷைல வயசுல மூத்தவங்கள "பீ"ன்னு கூப்புடணும், அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரே வார்த்தைதான், இத கத்துக்கிட்டதும் எனக்கு பாதி ஊர் புரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. சாவிக்கு 200 பாத் டெபாசிட் கேட்டாங்க, பர்ஸ தொறந்தா ஒரு இருபது பாத் நோட்டு ஃபேன் காத்துல பறந்து தரைல போகுது, நான் டக்குனு கால வச்சு அமுக்கிட்டேன். நம்ம எல்லாரும் செய்யறதுதான? அந்த அக்கா "ஹா"ன்னு ஒரு சத்தம், கவுன்ட்டர சுத்தி ஓடி வந்துட்டாங்க. அங்க எல்லா நோட்டுலயும் ராஜா படம், கால் படறது பெரிய அவமரியாதை, சட்டப்படியே சிக்கல் வர்ற விஷயம். எனக்கு அது அப்ப தெரியாது, ஆனா அவங்க மூஞ்சிய பாத்ததும் கையி தானா போச்சு, நோட்ட எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன், சின்ன வயசுல புக்க மிதிச்சா அம்மா செய்ய வைக்கற மாதிரி. அக்கா ஒரு நிமிஷம் பாத்துட்டு சிரிச்சிருச்சு. அதுக்கப்பறம் ஆறு நாளும் எனக்கு ராஜ மரியாத, ஐஸ் தண்ணி கேக்காமயே வரும்.

ரசீது குடுத்தாங்க, தேதில வருஷம் 2568. பிரின்ட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அவங்க புத்த வருஷ கணக்கு, நம்ம கணக்கோட 543 கூட்டிக்கணும்.

இப்ப ரூமு. தொழில் தெரிஞ்சவன் கண்ணால சொல்றேன். பெட்ஷீட்டு மொடமொடன்னு, பொறாமையா இருந்துச்சு. ஒவ்வொரு பெட்டுக்கும் திரை, லைட்டு, ப்ளக் பாய்ன்ட்டு, நம்ம மொபைல் சார்ஜர் ரெண்டு பின்னு அப்படியே சொருகுது. செருப்பு வாசல்லயே, அது நமக்கு பழக்கம், ஒரு ஜெர்மன் பையன் மட்டும் தெனம் ஷூவோட ஏறி தெனம் திட்டு வாங்குனான். பாத்ரூம்ல கழுவ ஸ்ப்ரே பைப்பு இருக்கு, வெளிநாடுன்னா பேப்பர்தான்னு பயந்து போனவங்க நிம்மதியா போலாம்.

குறை என்னன்னா, நான் லோயர் பெர்த்னு புக் பண்ணுனேன், குடுத்தது அப்பர், அதும் ஏசிக்கு நேர் எதிர்ல. ரிமோட்டு ரூம்ல கெடையாது, ராத்திரி ஆபீஸ் மூடிட்டா அவ்ளோதான், விடிய விடிய 18 டிகிரி. பிறந்ததுல இருந்து ஸ்வெட்டரோட வளந்தவன், பாங்காக்ல விடியக்காலம் மூணு மணிக்கு பல்லு கிடுகிடுன்னு அடிச்சு எந்திரிச்சேன். சென்னை ட்ரெய்னுக்குன்னு அம்மா திணிச்ச குல்லாவ போட்டுட்டுதான் அஞ்சு ராத்திரி தூங்குனேன். நம்ம குளிரு மெதுவா வந்து உள்ள எறங்கும், இது ஓட்டைல இருந்து ஒரே எடத்துல, நெத்தில அடிக்குது. பெட் மாத்தி குடுங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன், "நாளைக்கு நாளைக்கு"ன்னு கடைசி ராத்திரிதான் மாத்துனாங்க. நான் என் கெஸ்ட்டுகிட்ட சொல்ற அதே "நாளைக்கு"தான், அதனால ரொம்ப கத்தவும் முடியல.

சாப்பாடு ஹாஸ்டல்ல கெடையாது, காலைல பிரெட்டும் ஜாமும் மட்டும். கீழ தெருவுலயே நூடுல்ஸ் கடை, ஒவ்வொரு டேபிள்லயும் நாலு டப்பா, மொளகாத்தூளு, மொளகா போட்ட வினிகரு, மீன் சாஸு, நாலாவது சர்க்கரை. சர்க்கரைய எதுக்கு வச்சிருக்காங்கன்னு பாத்துட்டே இருந்தா பக்கத்துல ஆபீஸ் போற பொண்ணு சூடா இருக்கற சூப்புல ரெண்டு ஸ்பூன் போட்டு கலக்குது. நானும் போட்டு பாத்தேன், ஒரு ஸ்பூன் வரைக்கும் ஓகேங்க.

ஆனா டீ விஷயத்துல சமாதானம் ஆக முடியல. நாங்க பச்ச இல பறிச்சு ஃபேக்டரிக்கு போடற குடும்பம், டீன்னா எங்களுக்கு ஒரு கலரு இருக்கு. அங்க "சா யென்"னு ஒண்ணு, சா-ன்னா டீதான், கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு, குடுத்தது பாத்தா ஆரஞ்சு கலரு, கன்டென்ஸ்டு மில்க்கு, டம்ளர் நெறய ஐஸு. எங்கப்பாவுக்கு ஃபோட்டோ அனுப்புனேன், "பெயின்ட்டா"ன்னு ஒரே வார்த்தை பதில். அத விட அதிர்ச்சி, அந்த பிளாஸ்டிக் கப்புக்கு ஒரு மூடி, ஒரு ஸ்ட்ரா, தூக்கிட்டு போக ஒரு கவரு. அரை லிட்டர் தண்ணி பாட்டில் இருந்தா குஞ்சப்பனை செக்போஸ்ட்லயே எடுத்து வச்சுக்கற ஊர்ல இருந்து போனவனுக்கு கை கூசுது. ரெண்டு நாள் எங்க ஸ்டீல் பாட்டில நீட்டி இதுல ஊத்துங்கன்னேன், கடைக்காரம்மா கப்புல போட்டு கலக்கி, அத பாட்டில்ல ஊத்திட்டு, கப்ப குப்பைல போட்டுருச்சு. விட்டுட்டேன்.

சாயந்தரம் ஆறு மணிக்கு ஸ்டேஷன் படில ஏறிட்டு இருக்கேன், திடீர்னு பாட்டு, முன்னாடி போனவங்க அத்தன பேரும் சிலை மாதிரி நின்னுட்டாங்க, நான் ஒரு ஆபீசர் முதுகுல பையோட போய் முட்டுனேன். தெனம் காலைல எட்டுக்கும் சாயந்தரம் ஆறுக்கும் தேசிய கீதம். ரிசப்ஷன் அக்கா இதயெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டலாம், எங்க காட்டேஜ்ல "காட்டெருமை வந்தா கிட்ட போகாதீங்க"ன்னு நாங்க ஒட்டியிருக்கோம்ல, அந்த மாதிரி.

ஹாஸ்டல் இருக்கற எடத்தோட பெரிய ப்ளஸ்ஸு, நடக்கற தூரத்துல மாரியம்மன் கோயிலு. 1870கள்ல அங்க பொழைக்க போன நம்ம தமிழ் ஆளுங்க கட்டுனது, கோபுரம் அப்படியே நம்ம ஊரு கோபுரம். உள்ள போனா கும்பிடறவங்க முக்காவாசி தாய்க்காரங்க, தட்டுல தேங்கா, வாழப்பழம், செவ்வந்தி மால. குருக்கள் தமிழ்ல "எந்த ஊருப்பா"ன்னு கேட்டப்ப எனக்கு பதிலே வரல, நாலு நாளா தமிழ் பேசாத வாயி. அந்த கோயில தாய்க்காரங்க "வாட் கேக்"னு சொல்றாங்க, இந்தியாக்காரங்களுக்கு அவங்க வச்ச பேரு கேக், அதுக்கு விருந்தாளின்னும் அர்த்தம். காட்டேஜ்காரனுக்கு இது தேவைதான்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டேன்.

அஞ்சுக்கு மூணே முக்கா. முக்கா எதுக்குன்னா அக்காவுக்கு. டெபாசிட்டு 200 பாத்தும் முழுசா திரும்ப குடுத்துட்டாங்க, துண்டு வாடகைக்குன்னு தெனம் 20 பாத் புடிக்கறது மட்டும் அநியாயம், வீட்டுல இருந்து ஒண்ணு எடுத்துட்டு போயிருங்க. புக் பண்றப்ப ஜன்னல் பக்கம் கீழ் பெட்டுன்னு மெசேஜ் போட்டு பதில் வாங்கிக்கங்க, ஏசி இருக்கறது கதவு பக்கம். குல்லாவ மறந்துராதீங்க.