ஃபீயக்ராவா, உஷீனா? மகனுக்கு ஐரிஷ் பெயர் தேடிய கணக்கு

மகனுக்கு இரண்டரை வயது ஆகிறது. பெயர் என்ன என்று யார் கேட்டாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபீயக்ரா. என் கணவருக்கு ஊர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்லைகோ, எனக்குத் திருநெல்வேலி. முதல் பெயர் ஐரிஷில், நடுப்பெயர் தமிழில் என்பது கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். எந்த ஐரிஷ் பெயர் என்பதில்தான் ஏழு மாதம் ஓடிப்போனது. கடைசியில் மூன்று பெயர்கள் நின்றன: டைக், உஷீன், ஃபீயக்ரா. இங்கே அயர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இதே கேள்வியோடு என்னிடம் வருவதால் எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன்.

டைக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பழைய ஐரிஷில் 'புலவன்' என்று பொருள். டி, ஏ, டி, எச், ஜி என்று எழுதி, 'டைகர்' சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினது போல உச்சரிப்பார்கள். அயர்லாந்து ரக்பி அணியில் டைக் ஃபர்லாங், டைக் பெர்ன் என்று இரண்டு பேர் ஆடியதால் பெயர் எல்லோருக்கும் பழக்கம். நம் ஊரில் குப்பன் சுப்பன் என்பதுபோல ஐரிஷ் பழமொழிகளிலும் டைக் வருவான். இரண்டு பக்கமும் பேசுகிறவனுக்கு 'இருபுறத்து டைக்' என்றே பெயர். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இதே பெயரிலிருந்து பிறந்த ஒரு சொல், வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களை இழிவாகச் சொல்லும் வசை. கணவருக்கு பெல்ஃபாஸ்ட்டில் சொந்தபந்தம் அதிகம். பெயரில் தவறில்லை, அதைக் கெடுத்தவர்கள் மேல்தான் தவறு. இருந்தாலும் பிள்ளை தலையில் அதை ஏற்ற மனம் வரவில்லை.

உஷீன்தான் உண்மையான போட்டி. 'சின்ன மான்' என்று பொருள். ஃபின் மக்கூல் என்ற வீரனின் மகன். அவன் தாய் சைவ் மந்திரத்தால் மானாக மாற்றப்பட்டவள், அதனால் இந்தப் பெயர். வளர்ந்தபின் நீவ் என்ற பெண்ணோடு வெள்ளைக் குதிரையில் ஏறி மூப்பே இல்லாத நாட்டுக்குப் போகிறான். சில வருடம் இருந்ததாக நினைத்துத் திரும்பி வந்தால் இங்கே முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது. குதிரையிலிருந்து கால் தரையில் பட்ட நொடியில் அத்தனை வயதும் வந்து ஏறிக்கொள்கிறது. வெளிநாட்டில் வாழ்கிற யாருக்கும் இந்தக் கதை நெஞ்சில் தைக்கும். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பெயர் அயர்லாந்துக்கு வெளியேயும் நன்றாகச் சுற்றியிருக்கிறது. 1760களில் ஸ்காட்லாந்தின் மக்ஃபர்சன் 'ஒசியன்' என்ற பெயரில் வெளியிட்ட கவிதைகளில் வரும் பாணன் இவன்தான். ஐரோப்பா முழுவதும் அதைப் படித்தது. நெப்போலியன் அந்தக் கவிதைகளில் மயங்கியவர். உஷீனின் மகன் பெயரான ஆஸ்கர் அவருடைய ஞானமகனுக்கு வந்தது, அந்தப் பிள்ளைதான் பிறகு ஸ்வீடனின் முதலாம் ஆஸ்கர் மன்னர்.

அப்புறம் ஏன் உஷீன் வேண்டாம் என்று வந்தது? முதல் காரணம் சின்னது: பெயர் இப்போது எங்கும் இருக்கிறது. அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வருடாவருடம் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது, 1964 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அன்றைய பட்டியலின் முன்வரிசையில் ஜான், பாட்ரிக், மைக்கேல். பிறகு ஜாக் 2007 முதல் 2023 வரை முதலிடத்தை விடவில்லை, 2016 ஒரு வருடம் மட்டும் ஜேம்ஸ் வந்து போனது. இந்த ஜாக்குகளுக்குப் பின்னால் ஐரிஷ் பெயர்கள் கூட்டமாக ஏறி வந்திருக்கின்றன: ரீயன், கிலியன், டைக், உஷீன். எங்கள் தெருவிலேயே இரண்டு உஷீன். ஃபீயக்ரா அந்த உயரத்துக்கு ஒருபோதும் போனதில்லை.

இரண்டாவது காரணம்தான் முடிவெடுக்க வைத்தது. எழுத்தின் மேல் போடும் ஒரு கோடு.

ஐரிஷில் அதற்கு ஃபடா என்று பெயர். நம் குறில் நெடில்தான் அது. கல் வேறு, கால் வேறு என்பது போல, உயிரெழுத்தின் மேல் அந்தச் சாய்ந்த கோடு இருந்தால் நெடில், இல்லையென்றால் குறில். கோடு போட்டால் ஷோன் என்ற ஆள் பெயர், கோட்டை எடுத்தால் ஷன், அதாவது 'கிழடு'. அலங்காரப் புள்ளி இல்லை, எழுத்தின் ஒரு பகுதி. உஷீன் என்ற பெயரில் அந்த நெடில் 'ஷீ' கோட்டால்தான் வருகிறது.

நான் ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பதிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கோடு படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். குடும்ப மருத்துவர் கடிதத்தில் கோடு இருக்கும். எங்கள் திரையில் இருக்காது. பழைய அச்சுப்பொறியில் கையில் கட்டும் பட்டை வரும்போது ஓ, ஐ, எஸ், அதன் பின் ஒரு கேள்விக்குறி, என் என்று வரும். கோட்டோடு ஒரு பதிவும் கோடில்லாமல் ஒரு பதிவும் ஒரே பிள்ளைக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, பிறந்த தேதியும் முகவரியும் ஒத்துப்பார்த்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அந்தத் தாய் எதிரில் நின்று, "கோடு முக்கியம், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்" என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம். என் விசைப்பலகையில் எனக்குப் போடத் தெரியும், அடுத்த ஆளுக்குத் தெரியுமா?

சட்டம் இப்போது துணைக்கு இருக்கிறது. அலுவல் மொழிச் சட்டத்தின் 2021 திருத்தம், அரசு அமைப்புகள் ஒருவரின் ஐரிஷ் பெயரைக் கோட்டோடு சரியாக எழுத வேண்டும் என்கிறது. நல்ல விஷயம், வர வேண்டியதுதான். ஆனால் விமான நிறுவனத்துக்கும் வெளிநாட்டுப் படிவத்துக்கும் அந்தச் சட்டம் போய்ச் சேராது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் எந்த நாட்டுக்காரருக்கும் கோடு கிடையாது, வெறும் ஆங்கில எழுத்துகள்தான். இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையில் வளரப்போகிற பிள்ளைக்கு ஆயுள் முழுக்கப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். என் அப்பா பெயர் என் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. இனிஷியலை விரித்து எழுதி, அதற்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அலைந்த அலைச்சலை நான் மறக்கவில்லை. அதே வேலையை மகனுக்குத் தெரிந்தே கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஃபீயக்ராவில் கோடே இல்லை. எஃப், ஐ, ஏ, சி, எச், ஆர், ஏ. ஐரிஷில் எப்படியோ அப்படியே பாஸ்போர்ட்டில், அப்படியே பயணச்சீட்டில், அப்படியே தடுப்பூசி அட்டையில். இந்த இரண்டரை வருடத்தில் ஒரு இடத்திலும் எழுத்து மாறவில்லை. உச்சரிப்பைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அது ஒருவருக்கு ஒரு தடவை. எழுத்துப் பிழை அப்படி இல்லை, அலுவலகத்துக்கு அலுவலகம் கூடவே வரும்.

பெயரின் பின்னணியும் இளைத்ததில்லை. வேர்ச்சொல்லான 'ஃபீயக்' என்றால் அண்டங்காக்கை. அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. "காக்கைபாடினியார்னே ஒரு புலவர் இருந்திருக்காங்க, இதுல என்னடி இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

லிர் என்பவரின் நான்கு பிள்ளைகளைச் சிற்றன்னை அன்னங்களாக மாற்றிய கதை இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். ஃபினூலா, ஏ, ஃபீயக்ரா, கொன். டெரவாரா ஏரியில் முந்நூறு வருடம், மொய்ல் கடலில் முந்நூறு, மேயோ கரையோரம் இனிஷ்குளோரா தீவில் முந்நூறு. டப்ளின் நினைவுத் தோட்டத்தில் இந்தக் கதைக்கு 1971இல் வைத்த பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. செய்த சிற்பியின் பெயர் உஷீன் கெல்லி! பட்டியலில் இரண்டு பெயரும் இருந்த நாட்களில் அங்கே போய் நின்று பார்த்தோம்.

வரலாற்றிலும் ஒரு ஃபீயக்ரா இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்தை விட்டு பிரான்சுக்குப் போய், மோ நகருக்கு அருகே காட்டைத் திருத்தித் தோட்டம் போட்ட துறவி. தோட்டக்காரர்களின் காவல் புனிதர். பதினேழாம் நூற்றாண்டு பாரிஸில் அவர் பெயர் தாங்கிய விடுதியிலிருந்து வாடகைக் குதிரை வண்டிகள் கிளம்பியதால் அந்த வண்டிக்கே 'ஃபியாக்ர்' என்று பெயர் வந்தது. வியன்னாவில் இன்றும் குதிரை வண்டியை 'ஃபியாக்கர்' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று உண்டு. கணவரின் ஊர் இருக்கும் பகுதிக்கு டிரேரா என்று பெயர். டீர் ஈயக்ராக், 'ஃபீயக்ரா வழியினரின் நாடு' என்பது தேய்ந்து டிரேரா ஆகியிருக்கிறது. 'ஃப' எங்கே போனது என்று கேட்டால், ஐரிஷில் சில இடங்களில் முதல் மெய் மெலிந்துவிடும், 'ஃப' என்றால் முழுதாகவே மறைந்துவிடும். கூப்பிடும்போதும் அப்படித்தான். முருகன் முருகா ஆவது போல அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. முன்னால் ஓர் 'அ' சேர்த்து, 'அ ஈயக்ரா' என்பார்கள். அம்மாவுக்கு 'ஃப' வராது, 'பீயக்ரா' என்றுதான் வந்துகொண்டிருந்தது. இதைச் சொன்ன நாளிலிருந்து போனில் "ஏ ஈயக்ரா, பாட்டிய பாருல" என்கிறார். ஐரிஷ் பேசும் மாமனாரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். நடுவில் வரும் அந்த தொண்டை ஒலியும் நமக்குக் கஷ்டமில்லை. எஃகு என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது பாதி வந்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2021இல் பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்தது ஃபீயா. காப்பகத்தில் "ஃபீ..." என்று ஆரம்பித்தாலே இரண்டு மூன்று தலைகள் திரும்புகின்றன. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் 'ஃபியாச்சரா' என்று வாசிக்கிறார்கள். ஒரு மாத்திரையின் பெயரோடு ஒலி ஒத்துப்போவதால் பெரிய பையன்கள் கேலி செய்யக்கூடும். அவன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை, அதனால் அது எவ்வளவு வலிக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அயர்லாந்தை விட்டு எங்கும் போகப் போவதில்லை, பிள்ளையை ஐரிஷ் வழிப் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறோம் என்கிற குடும்பமாக இருந்தால் உஷீனுக்குத்தான் நானும் கை தூக்குவேன். கோட்டை மதிக்கிறவர்கள் நடுவில் அந்தப் பெயர் நன்றாக வாழும்.

இப்போது இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. பையனாக இருந்தால் கொன் என்று வைக்கலாம் என்கிறார் கணவர். லிர் கதையில் ஃபீயக்ராவோடு இரட்டையாகப் பிறந்தவன், கோடும் இல்லை, நாலே எழுத்து. தமிழில் 'கொன்' என்று காதில் விழுந்தாலே கொன்றான் கொன்றாள் என்றுதான் எனக்குப் போகிறது. ஆங்கிலத்திலும் அதே ஒலிக்கு ஏமாற்று என்று அர்த்தம். உஷீனை மறுபடி பட்டியலில் ஏற்றியிருக்கிறார். நான் இன்னும் தலையாட்டவில்லை.