பணம் போனதும் முதலில் எங்கே? பேங்க், 997, போலீஸ்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கணக்கிலிருந்து பணம் காணாமல் போனால், பெரும்பாலோர் மகனையோ மருமகனையோ கூப்பிட்டு மோட்டாரில் ஏறி நேரே பேங்குக்குத்தான் போகிறார்கள். எல்பில், ஹீவுட் தோட்டப் பக்கமிருந்து டவுனுக்கு வந்து, நம்பர் எடுத்து, கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் கைமாறி, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டும் விடும். சிலர் முதலில் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். இரண்டுமே போக வேண்டிய இடங்கள்தான், ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் அல்ல. அந்த ஒரு மணி நேரத்தைக் கைபேசிக்குக் கொடுங்கள் என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

கைபேசியில் மூன்று வழி உண்டு. பேங்க் ஆப்பில் இருக்கும் கில் சுவிட்ச், பேங்கின் 24 மணி நேர மோசடிப் புகார் எண், அரசாங்கத்தின் மோசடிப் புகார் எண் 997.

கில் சுவிட்ச்தான் இருப்பதிலேயே வேகமானது. யாரிடமும் பேச வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஒரு பட்டனை அழுத்தினால் இணைய வங்கிச் சேவை நின்றுவிடும். திரும்பத் திறக்க பேங்கைத் தொடர்புகொண்டு நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அரை நாள் அலைச்சல் என்றாலும் அது பெரிய விஷயம் இல்லை. பேங்க் அனுப்பும் டேக் நம்பரை (ஒருமுறைக் குறியீட்டை) யாரிடமோ சொல்லிவிட்டோம், எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை என்று வந்த லிங்கில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டோம், பணம் இன்னும் போகவில்லை என்ற நிலையில் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வாட்ஸ்ஆப்பில் வந்த ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பை) யாராவது இறக்கியிருந்தால் அந்தக் கைபேசியையே நம்பக் கூடாது. திரையில் நீங்கள் செய்வதை அவனும் பார்த்துக்கொண்டிருக்கலாம். டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொருவர் கைபேசியிலிருந்து பேங்குக்குக் கூப்பிடுவதே சரி. பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் மட்டும் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஆப்பே கிடையாது. அவர்களுக்கும் தொலைபேசி எண்தான் வழி. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி அலமாரிப் பக்கம் ஒட்டி வையுங்கள். கார்டு தொலைந்த பிறகு கார்டின் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் 997. இந்த எண்ணில் பேசும் தேசிய மோசடி எதிர்வினை மையம் 2022 அக்டோபரில் தொடங்கியது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா, போலீஸ், தொடர்பு பல்லூடக ஆணையம், தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம் எல்லாம் ஒன்றாக இதன் பின்னால் நிற்கின்றன. உங்கள் பேங்க் உங்கள் கணக்கை முடக்கும். பணம் போய்ச் சேர்ந்த அடுத்த பேங்கிலும், அதற்கடுத்த பேங்கிலும் துரத்திப் பிடிக்க 997 உதவும். இதில் எதை முதலில் கூப்பிடுவது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேங்குக்கு, ஒருவர் 997-க்கு. தனியாக இருந்தால் எது முதலில் எடுக்கிறதோ அது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 997-லிருந்து பேசுகிறோம் என்று உங்களுக்கே அழைப்பு வந்து கணக்கு விவரம் கேட்டால் உடனே துண்டியுங்கள்.

கிரெடிட் கார்டு திருட்டுப் போனது வேறு கதை. உடனே சொல்லிவிட்டால், நீங்களே மோசடி செய்யாத வரை, உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 250 ரிங்கிட். நீங்களே கையால் அனுப்பிய பணத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

போலீஸ் ரிப்போட் கைபேசி வேலை முடிந்த கையோடு, அன்றே. எந்த பாலாயிலும் கொடுக்கலாம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே போதும். எழுதுவது மலாயில் என்பதால் மலாய் சரளமாக வராத பெரியவர்களுடன் படித்த பிள்ளை ஒருவர் கட்டாயம் போக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் நான்கு இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள்: பணம் போய்ச் சேர்ந்த கணக்கு எண், வாங்கியவர் பெயர், தொகை, நேரம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் விசாரணை வேறு ஆளிடம் போய் நிற்கும். பேங்க், தொலைபேசி நிறுவனம், கடன் கம்பெனி எல்லோரும் கேட்பது அந்த ரிப்போட்டின் நகலைத்தான்.

பணமே போகாவிட்டாலும் ஐசி (அடையாள அட்டை) விவரம் போய்விட்டது என்றால் ரிப்போட் இன்னும் முக்கியம். உங்கள் பெயரில் எவனோ திறந்த கணக்கில் நாளை மோசடிப் பணம் வந்து விழலாம். 2024-ல் தண்டனைச் சட்டத்தில், மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பயன்படும் மியூல் கணக்குகளுக்கென்று தனிப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். சில நூறு ரிங்கிட்டுக்கு ஏடிஎம் கார்டை விற்கும் நம் பையன்களுக்கும் அதே பிரிவுகள்தான், அவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். விசாரணை உங்கள் வாசலுக்கு வருமுன்பே தேதியோடு ஒரு ரிப்போட் கையில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

அடுத்தது, உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது. இதற்கு இரண்டு கடன் பதிவு அறிக்கைகள் உண்டு: சிக்ரிஸ் ஒரு பக்கம், சிடோஸ் ஒரு பக்கம். சிக்ரிஸ் பேங்க் நெகாராவுடையது, இலவசம், இணையத்திலேயே பதிந்து பார்க்கலாம். பேங்க் கடன், வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் கடைசி 12 மாதத் தவணையோடு தெரியும். சிடோஸ் தனியார் நிறுவனம். அதில் நீதிமன்ற வழக்கு, உங்கள் பெயரில் பதிவான கம்பெனி, சில கடைக்காரர்களும் கம்பெனிகளும் பதிந்த பாக்கி போன்றவை வரும். அடிப்படை அறிக்கைக்குக் காசு இல்லை. தோட்டத்து ஆளுக்கு எது என்று கேட்டால், இரண்டும்தான். மோட்டார், கைபேசி, சோபா என்று தவணைக்கு எடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அந்தப் பாக்கி எல்லாம் சிக்ரிஸில் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. மாதாமாதம் கண்காணித்துச் செய்தி அனுப்புகிறோம் என்று விற்கும் கட்டணத் திட்டங்கள் வியாபாரிகளுக்குப் பயன்படலாம். பென்ஷனில் வாழ்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இலவச அறிக்கையை எடுத்துப் பார்ப்பதே போதும் என்பது என் முடிவு. சிக்ரிஸில் தெரியாத கடன் இருந்தால் அதைத் திருத்த வேண்டியது பதிந்த பேங்க். முதல் கடிதம் அவர்களுக்கே போகட்டும், ரிப்போட் நகலோடு.

ஐசி நகல் கேட்கும் எந்தக் கடையிலும், குத்தகைக்காரர் ஆளெடுக்கும்போதும், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் ‘இன்ன கடைக்கு மட்டும்’ என்று மலாயில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். எழுத்து எண்ணின் மேலும் கொஞ்சம் ஏறட்டும், படத்தின் முகத்தை மட்டும் மறைக்க வேண்டாம்.

பேங்க் பணத்தைத் தர மறுத்துவிட்டால்? வக்கீல், சிறு கோரிக்கை நீதிமன்றம், நீதிமன்றத்துக்கு வெளியே புகாரை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மன் என்று மூன்று பாதை. இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வக்கீல் வைத்தால் கட்டணமே மிஞ்சும். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமல் வழக்குப் போடலாம், ஆனால் பேங்கின் கணினிப் பதிவுகளைப் பற்றி நீங்களே வாதாட வேண்டும். ஓம்புட்ஸ்மன்தான் நம்மைப் போன்றவர்களுக்கு. 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற பெயரில் இயங்குகிறது. புகார் செய்பவருக்கு இலவசம். முதலில் பேங்கிலேயே எழுத்துமூலம் புகார் செய்து பதில் வாங்கியிருக்க வேண்டும். ஓம்புட்ஸ்மன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் நீங்கள் நீதிமன்றம் போகலாம்.

‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று பேஸ்புக்கில் வரும் ஆட்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. முன்பணம் கேட்கும் அவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மோசடிக்காரர்கள். ஏற்கெனவே இழந்து தவிப்பவரிடமே அவர்கள் வருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பேங்கின் இறுதிப் பதில் கடிதம் வந்ததும் உறையின் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். ஓம்புட்ஸ்மனிடம் போக அன்றிலிருந்து 6 மாதம்தான்.