ஸ்பாஞ்ச் கப்பா, தையல் கப்பா? கொடியில் கிடைத்த விடை

என் பீரோவின் மேல்தட்டில் ஸ்பாஞ்ச் வைத்த பிரா நான்கு இருக்கின்றன. அவற்றில் மூன்றை ஒரு வருடமாகத் தொடவில்லை. கீழ்த்தட்டில் இருப்பவை ஸ்பாஞ்ச் இல்லாத, கப்பின் குறுக்கே தையல் ஓடும் பருத்தி பிராக்கள். ஐந்தும் மாறி மாறி உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் ஏற்கெனவே கட்சி மாறியவள். ஏன் மாறினேன் என்றுதான் எழுதப் போகிறேன்.

வகைக்கு முன்னால் அளவு. அளவு பிசகியிருந்தால் எந்த வகையைப் போட்டாலும் பழி அந்த வகையின் மேல்தான் விழும். எனக்குப் பத்து வருடம் அப்படித்தான் போனது. முதல் குழந்தை பிறந்த பிறகு சேலம் அக்ரஹாரம் பக்கம் ஒரு கடையில், தீபாவளிக் கூட்டத்தில், மார்பைச் சுற்றி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி "38" என்றார்கள். 38 பி அட்டைப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது. பக்கத்தில் லுங்கி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் "38 பி" என்று நானே சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த 38 பி மதியத்துக்குள் முதுகில் மேலே ஏறிவிடும். பின்னால் ஏறினால் முன்னால் இறங்கும். இறங்குகிறதே என்று தோளில் நாடாவை இறுக்குவேன். இறுக்க இறுக்க, பின்பட்டி இன்னும் ஏறும். கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மாலையில் தோளில் இரண்டு சிவந்த பள்ளங்கள் இருக்கும். வயதாகிறது, எடை கூடிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

குற்றத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருத் தையல்காரம்மா. ஒரே அளவில் தைத்த ஜாக்கெட் ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் கோணலாகவும் நிற்கிறது என்று சண்டைக்குப் போயிருந்தேன். "அக்கா, ஜாக்கெட்டில் கோளாறு இல்லை. உள்ளே இருப்பது காலையில் ஓர் இடத்தில் நிற்கிறது, சாயங்காலம் வேறோர் இடத்தில் நிற்கிறது. நான் டாட்டை எங்கே பிடிப்பது?" என்றார். மார்பு எழும் இடத்துக்காக ஜாக்கெட்டில் பிடித்துத் தைக்கும் கூம்பு மடிப்புதான் டாட். பிறகு கதவைச் சாத்திவிட்டு, டேப்பை மார்புக்குக் கீழே வைத்து, மூச்சை விடச் சொல்லி, இறுக்கிப் பிடித்தார். 33 அங்குலம். ஒற்றைப்படை வந்தால் அடுத்த இரட்டைப்படை, அதாவது 34. கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மார்பின் நிறைந்த இடத்தில் டேப்பைத் தளர்வாகச் சுற்றினார். 38. நான்கு அங்குல வித்தியாசம். ஒன்றுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. நான் 34 டி.

டி என்றதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. டி என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எண்ணோடு சேர்ந்தால்தான் எழுத்துக்கு அர்த்தம். 38 பி, 36 சி, 34 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மாறுவது சுற்றுப்பட்டியின் நீளம் மட்டும். அதனால்தான் பத்து வருடம் எனக்கு உறைக்கவே இல்லை. கப் நிறைந்திருந்தது, பட்டிதான் தொளதொளத்துக் கிடந்தது. பாரத்தைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது பட்டி. அது தளர்ந்தால் வேலை முழுவதும் தோளின் தலையில் விழும். கப்புக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்தது அமெரிக்காவின் கேம்ப் நிறுவனம், 1932இல். எங்கள் கடைவீதியின் சில கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை நீட்டுகிறார்கள்.

கீழளவோடு நான்கோ ஐந்தோ கூட்டிக்கொள்ளச் சொல்லும் பழைய கணக்கு ஒன்றும் உலவுகிறது. எலாஸ்டிக் பட்டிக்கு அந்தக் கூட்டல் வேண்டாம். டேப் சொல்வதும் ஆரம்பம்தான், கம்பெனிக்குக் கம்பெனி வெட்டு மாறும். போட்டுப் பார்க்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், மாட்டிப் பாருங்கள். அங்கேயே பிடிப்பாக இருக்க வேண்டும். நாளாக நாளாக எலாஸ்டிக் இளகும்போது உள்வரிசைக்குப் போகலாம். புதிதிலேயே உள்வரிசை தேவைப்பட்டால், ஆறு மாதத்தில் மாட்ட வரிசை இருக்காது. இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். பட்டி கூடவே எழுந்தால் அது உங்கள் அளவு இல்லை.

இனி வகைக்கு வருகிறேன். இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிடலாம்.

கம்பி வைத்ததை நான்கு மாதம்தான் போட்டேன், அதனால் என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும். அப்போது ஏற்காட்டில் வேலை. சேலத்திலிருந்து தினமும் பஸ். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாய, கம்பி மறுபக்கம் அக்குளில் குத்தும். நான்காம் மாதம் துணியைத் துளைத்துக்கொண்டு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. இரும்பாலை இருக்கும் ஊர்க்காரிக்குக் கம்பி ஆகவில்லை என்று வீட்டில் இன்றும் கேலி நடக்கிறது. அளவும் அப்போது 38 பி என்பதால் கம்பியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சரியான அளவில் கம்பி மார்பின் அடிவரையில் படிந்து நிற்கும், நடுப்பகுதி நெஞ்செலும்பை ஒட்டி உட்காரும் என்கிறார்கள் அணிபவர்கள். கம்பி போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நம்ப வேண்டாம். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, மாதவிடாய் நின்ற பெண்களிடம் விசாரித்து, அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை என்றே சொன்னது.

ஸ்போர்ட்ஸ் பிரா காந்தி ஸ்டேடியத்தில் காலை நடைக்கு நல்லது. நாள் முழுக்க என்றால் நெஞ்சைப் பலகையாக அழுத்திவிடும். வியர்த்த உடம்பிலிருந்து தலைவழியாக அதைக் கழற்றுவது தனி மல்யுத்தம். எஸ், எம், எல் என்று மூன்று அளவில் உலகத்துப் பெண்கள் அத்தனை பேரையும் அடக்கப் பார்ப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

மிஞ்சுவது இரண்டு. அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் கப் ஒன்று, துண்டு துண்டாக வெட்டித் தைத்த பருத்திக் கப் மற்றொன்று.

ஸ்பாஞ்ச் கப் இட்லித்தட்டின் குழி மாதிரி. மாவு ஊற்றினால் குழியின் வடிவத்துக்கு வரும், ஆனால் உடம்பு மாவு இல்லையே. மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்ட மார்புக்கு அது அழகாகப் பொருந்தும். தாய்ப்பால் கொடுத்து முடித்தவர்களில் பலருக்கு மேல்பாதி வற்றி, கீழ்ப்பாதியில் நிறைவு தங்கிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். ஸ்பாஞ்ச் கப்பின் மேல்விளிம்பு என் மேல் ஒட்டாமல் விலகி நிற்கும், ஒரு விரல் உள்ளே போகும். சின்ன கப் வாங்கினால் கீழே பிதுங்கும். தையல் கப் வேறு கதை. கட்டோரி ஜாக்கெட் தைப்பதைப் போல மூன்று துண்டு. அடித்துண்டு தாங்குகிறது, பக்கத்துண்டு அக்குள் பக்கமிருந்து முன்னால் தள்ளுகிறது, மேல்துண்டு மெல்லிய துணி, உடம்பு எப்படியோ அப்படிப் படிகிறது. இரண்டு மார்பும் ஒரே அளவாக இல்லாதவர்களுக்கும் இதுதான் கைகொடுக்கும். பெரியதற்குக் கப் பார்த்து வாங்கி, சிறிய பக்கம் நாடாவைச் சற்றே ஏற்றிக்கொண்டால் போதும். தோள் சரிந்தவர்கள் எந்த வகையை எடுத்தாலும் நாடா கழுத்துப் பக்கம் நெருங்கித் தைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளிம்போரம் தைத்த நாடா நாள் பூராவும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் என்னைக் கட்சி மாற்றியது உடம்புவாகு இல்லை. துணிக்கொடி.

பஸ் பயணம் தாங்காமல் ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும், பார்க்க அழகு. திங்கட்கிழமை துவைத்துப் போட்ட ஸ்பாஞ்ச் பிரா புதன்கிழமை தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். கப்பின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நகத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் முத்துப்போல் வந்து நிற்கும். மேல்துணி காய்ந்துவிடுகிறது, நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் காய்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் உடம்புச் சூட்டில் ஒரு வாடை கிளம்பும். இரண்டு நாள் மூடிக் கிடந்த டிபன் பாக்ஸின் வாடை. பத்தே நாளில் மார்பின் அடிமடிப்பு சிவந்து அரிக்கத் தொடங்கியது. தோல் மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "ஈரத்தை உடம்பில் ஏற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். இஸ்திரிப் பெட்டியும் உதவாது, சூடு பட்டால் ஸ்பாஞ்ச் சுருண்டு போகும். அந்த வாரம் அவசரத்துக்கு வாங்கிய பருத்தி பிரா, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டது, அதே மேகத்தில் மறுநாள் காலையில் காய்ந்திருந்தது. ஒரே அடுக்குத் துணி. உள்ளே ஒளிந்துகொள்ள ஈரத்துக்கு இடமில்லை.

கீழே சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மொட்டை மாடியில் போட்டால் சித்திரையில் ஸ்பாஞ்சும் மதியத்துக்குள் காயும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீடுகளில் பிராவை வெயிலில் போடுவது யார்? மாடிக் கொடியின் கடைசியில், நைட்டிக்குப் பின்னால், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி அல்லவா காயப்போடுகிறோம். மூடிய துண்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் எங்கே காயும்? எந்தக் கம்பெனியும் இந்தத் துண்டைக் கணக்கில் வைத்துப் பிரா தைப்பதில்லை. துணிச்சலாக நேர்வெயிலில் போட்டாலும் சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் உயிரை விடும். நல்லது நிழலும் காற்றும்தான், அந்த நிழலில் பருத்திக்கு இரண்டு மணி நேரம் போதுகிறது.

துவைப்பதும் இதே கதை. வாஷிங் மெஷினில் ஒரு முறை தெரியாமல் போட்ட ஸ்பாஞ்ச் கப் ஒன்று உள்ளே குழிந்தது, நசுங்கிய அலுமினிய டம்ளர்போல் அப்படியே நின்றுவிட்டது. பருத்தியைக் கொக்கியை மாட்டி, வலைப்பையில் போட்டுச் சுற்றவிட்டாலும் பெரிய சேதமில்லை, கையால் அலசுவது இன்னும் நல்லது. முறுக்கிப் பிழிய வேண்டாம். நாடாவைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நாடா நீளும், ஆகவே நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள். ஸ்பாஞ்சைத் தனியாக உருவியெடுக்கும் வகையும் இருக்கிறது, உலர்த்தச் சௌகரியம். என் வீட்டில் நான்கு பேடில் ஒன்று காணாமல் போய், இன்னொன்று உள்ளுக்குள் மடிந்து, கடைசியில் அதுவும் பருத்தி பிரா ஆகிவிட்டது.

பருத்தியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய குர்த்திக்கு அடியில் தையல் கோடு தெரியும். முலைக்காம்பின் தடம் தெரிந்துவிடுமோ என்ற கவலைக்கு ஸ்பாஞ்ச் தரும் பாதுகாப்பு இதில் கிடையாது. அலுவலகத்தில் சின்னப் பெண்கள் ஸ்பாஞ்சை விடாததற்கு அதுதான் காரணம், அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு உரிமையில்லை. வியர்வையைக் குடித்துப் பருத்தி கனத்துவிடும், மதியம் மாற்றிக்கொள்ள ஒன்று பையில் வைத்திருக்கிறேன். எங்கள் கடைகளில் டி கப் பருத்தியில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் வெள்ளை, கறுப்பு, தோல்நிறம் தவிர வேறு கேட்கக் கூடாது. என் சக ஊழியை ஒருத்தி 32 ஏ. அவளுக்கு ஸ்பாஞ்ச் கப் அளவெடுத்து வார்த்ததுபோல் பொருந்துகிறது. அவள் பேச்சைக் கேட்டால் இந்தக் கட்டுரையே தலைகீழாக இருக்கும். சின்ன மார்புக்கு என்ன சரி என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

எதை எடுத்தாலும் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகும்போது அதையே போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பாஞ்சில் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் பருத்திக்கு மேல் டாட் முனையில் காற்றடைத்ததுபோல் நிற்கும். எனக்கு ஆறு ஜாக்கெட் பிரிக்க வேண்டியிருந்தது. தையல்காரம்மா பிரித்துத் தைக்க ஒரு ஜாக்கெட்டுக்கு 80 ரூபாய் வாங்கினார், பேரம் பேசவில்லை. மேல்தட்டிலிருந்து நான்காவது ஸ்பாஞ்ச் பிராவை இறக்குவது இப்போது கல்யாணங்களுக்கு மட்டும், பட்டுப்புடவைக்குப் பழைய ஜாக்கெட்டோடு.

மாடிக் கொடியில் இப்போது நான் துண்டு போடுவதில்லை. அத்தை மட்டும் மதியம் வற்றல் திருப்ப மாடிக்குப் போகும்போது ஒரு துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு வருகிறார். நான் நான்கு மணிக்குப் போய் அதை எடுத்து மடித்து வைக்கிறேன். அதற்குள் பருத்தி காய்ந்துவிட்டிருக்கிறது.